மாரடைப்பு நோயாளி எத்தனை மணிக்குக் கிளம்பினார்? நேரத்தை எப்படிக் கேட்பது (நீலகிரி ஆய்வு)

குன்னூர்_செவிலி:
எம்.எஸ்ஸி. நர்சிங் ஆய்வுக்காக, நெஞ்சுவலி தொடங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வரும்வரை ஆகும் தாமதத்தை எடுக்கிறேன். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். எல்லோரும் "6 மணி", "10 மணி" என்று முழு மணியாகவே சொல்கிறார்கள். சிலர் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டார்கள், ஒருவர் வந்ததே மூன்றாம் நாள். சராசரி போட்டால் அர்த்தமில்லாமல் வருகிறது. கேள்வித்தாளை எப்படி மாற்றலாம்?

மலைச்சரிவு:
மொத்தத் தாமதத்தை ஒரே கட்டத்தில் வாங்காதீர்கள். வலி தொடங்கிய நேரம், போகலாம் என்று முடிவெடுத்த நேரம், வண்டி ஏறியது, முதல் ஈசிஜி என்று நான்காகப் பிரியுங்கள். மலையில் எல்லோரும் ரோட்டைத்தான் குறை சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி முதல் இரண்டுக்கும் நடுவில், வீட்டுக்குள்ளேயே கழிந்திருக்கும்.

மணியைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். கொழுந்து எடை போடுவதற்கு முன்பா, பின்பா? ஆலைச் சங்கு ஊதியாச்சா? கடைசி பஸ் போயிடுச்சா? 108-ஐக் கூப்பிட்டிருந்தால் போனிலேயே அழைப்பு நேரம் இருக்கும், அதைப் பார்த்து எழுதுங்கள்.

வலி விட்டு விட்டு வந்தவர்களுக்கு எதைத் தொடக்கமாக எடுப்பது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். விடாமல் பிடித்த வலியை எடுப்பது ஒரு வழி. நடுவில் மாற்றினால் தரவு வீண்.

"நெஞ்சுவலி எப்ப வந்தது" என்றால் பலர், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளும் பெண்களும், "வலியே இல்லீங்க" என்பார்கள். நெஞ்சு கரிப்பு, வாயுப் பிடிப்பு, தாடையில் இழுப்பு, சும்மா வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஓமத் தண்ணியோ சோடாவோ குடித்தாரா என்பதையும் சேருங்கள். 'இது வாயுதான் (கேஸ்)' என்று நினைத்த நேரம் அதில் பிடிபடும்.

கூடலூர்க்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அதற்குப் பிறகான நேரம் நோயாளியின் தாமதம் இல்லை, அமைப்பின் தாமதம். இரண்டையும் கலந்தால் பழி தொழிலாளி தலையில்தான் விழும். முதலில் பார்த்த இடம் எது, அங்கே ஈசிஜி இருந்ததா என்று தனிக் கட்டம் போடுங்கள்.

2023-இல் தமிழக அரசு கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தரும் முதல் மாத்திரைகள் (ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாடின் 10 மி.கி. 8) எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டன என்பதை ரெஃபரல் சீட்டிலிருந்து எடுங்கள், அவர் ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

ஊட்டியில் மட்டும் ஆள் சேர்த்தால் பந்தலூர், சேரம்பாடி பக்கம் கிடைக்காது. அவர்களுக்கு கேரளத்தின் சுல்தான் பத்தேரிதான் கிட்ட.

எண்_பைத்தியம்:
சராசரியை விடுங்கள். ஐந்து பேருக்கு 1, 2, 3, 4, 70 மணி என்றால் சராசரி 16, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 3. இடைநிலையும் கால்மான வீச்சும் (நடுப் பாதிப் பேரின் நேரம் எதிலிருந்து எதுவரை) போடுங்கள். ரிக்ரஷன் (எந்தக் காரணம் தாமதத்தை எவ்வளவு கூட்டுகிறது என்ற கணக்கு) செய்வதானால், சில பெரிய எண்கள் முடிவை இழுக்காதபடி நேரத்தை லாகரிதத்துக்கு மாற்றிவிட்டுச் செய்யுங்கள். கூடவே 2, 6, 12 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று காட்டுங்கள். ரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்குப் பொதுவான எல்லை வலி தொடங்கி 12 மணி நேரம், முழுப் பலன் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள்.

முடிவுரையில் "விழிப்புணர்வு வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவீர்கள். அமெரிக்காவில் 20 ஊர்களில் நடந்த ரியாக்ட் ஆய்வு (2000) மாரடைப்பு அறிகுறி வந்தால் உடனே வாருங்கள் என்று 18 மாதம் பிரசாரம் செய்தது. பிரசாரம் நடந்த ஊர்களிலும் நடக்காத ஊர்களிலும் தாமதத்தில் வித்தியாசமில்லை. ஆம்புலன்ஸ் பயன்பாடுதான் கூடியது. டிராகப் என்ற ஆய்வாளரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 3,522 இதய நோயாளிகளில் ஒரு பகுதிக்கு நேருக்கு நேர் சொல்லிக் கொடுத்தும் நேரம் குறையவில்லை. எது இழுத்துப் பிடிக்கிறது என்பதை உங்கள் தரவு சொல்லட்டும்: அன்றைய கூலியா, பிள்ளை வரும்வரை காத்திருந்ததா, ராத்திரி யானைப் பயமா.

குன்னூர்_செவிலி:
நன்றி. எப்போது பேட்டி எடுப்பது? வழியிலேயே இறந்தவர்களை என்ன செய்வது?

மலைச்சரிவு:
வலி அடங்கி, சிசியு-வை (இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவை) விட்டு வார்டுக்கு வந்ததும், சேர்ந்த 72 மணி நேரத்துக்குள். தாண்டினால் ஞாபகம் குழம்பும், சொந்தக்காரர் சொன்னதையே தானும் சொல்வார். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். படுகு (நீலகிரிப் படுகர்களின் மொழி) பேசுகிறவர்களுக்கு அந்த மொழி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் நல்லது. "ஏன் லேட்டா வந்தீங்க" என்று கேட்காதீர்கள், திட்டுகிற மாதிரி இருக்கும். "அப்புறம் என்ன பண்ணீங்க" போதும்.

இறந்தவர்கள் உங்கள் கணக்கில் வரமாட்டார்கள். தலைப்பிலேயே 'உயிருடன் சேர்க்கப்பட்டவர்கள்' என்று போட்டுவிடுங்கள்.