10 வயதுப் பையனுக்கு லெதர் பால் கிரிக்கெட் கிட்: எந்த சைஸ் பேட்?

கேள்வி:
பையன் உயரம் 140 செ.மீ. இதுவரை டென்னிஸ் பால்தான். அடுத்த மாதம் லெதர் பால். "வளர்ற பையன், சைஸ் 6 எடுங்க" என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில் 1:
வேண்டாங்க. அந்த உயரத்துக்கு சைஸ் 4தான். வளர்ந்து போட்டுக்க இது சட்டை இல்லை. கனம் கூடினால் கீழ்க்கைதான் (கைப்பிடியில் கீழே பிடிக்கும் கை) தூக்கும், பேட் குறுக்கே வரும், நேராக ஆடவே வராது. கடையிலேயே மேல்கையால் மட்டும் (வலது கை ஆட்டக்காரனுக்கு இடது கை) பிடித்து, பின்னால் தூக்கி நேராக வீசச் சொல்லுங்கள். பத்து தடவைக்குள் தோள் சாய்ந்தால் வேறு பேட் பாருங்கள்.

காஷ்மீர் வில்லோ மரப் பேட் போதும். வாங்கியதும் ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன் எடுத்து முகப்பிலும் ஓரங்களிலும் மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் படுக்க வையுங்கள். கைப்பிடி சேரும் இடத்தில் படக்கூடாது, ஒட்டு விட்டுவிடும். பிறகு மரச்சுத்தியலால் மெதுவாகத் தட்டத் தொடங்கி, சில மணி நேரத்தில் வேகம் கூட்டுங்கள். ஓரங்களைச் சாய்வாகத்தான் தட்டணும். இதையெல்லாம் செய்யாமல் விட்டால் முதலில் விரிசல் விடுவது ஓரமும் அடிமுனையும்தான்.

பதில் 2:
பேட்டில் மிச்சம் பிடிக்கலாம், ஹெல்மெட்டில் கூடாது. புருவத்துக்கு மேலே டேப் வைத்து அளந்து வாங்குங்கள். உள்ளே பிஎஸ் 7928:2013 (பிரிட்டிஷ் ஹெல்மெட் பாதுகாப்புத் தரம்) லேபிள் இருக்கணும். சிறுவர் பந்து (சுமார் 135 கிராம்) சின்னது. பெரியவர் ஹெல்மெட்டின் கிரில் (முகத்துக்கு முன்னால் உள்ள கம்பி) இடைவெளியில் நுழைந்துவிடலாம். பலமான அடி பட்டால் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள்.

பதில் 3:
கால் பேடில் (ரெண்டும் 'பேட்'தான், கடையில் தெளிவாகக் கேளுங்கள்) முழங்கால் நடு மடிப்புக்குள் உட்காரணும். எல் கார்டு (இடுப்புக்குக் கீழே, பிறப்புறுப்பைக் காக்கும் கவசம்) மறக்காதீங்க.