நாலு டொங்கிள், ஒரு எஸ்எம்எஸ் சேர்வர்: போர்ட் எண் மாறுது, தமிழ் கேள்விக்குறியா வருகுது

சுன்னாகத்தான்:

வணக்கம். சந்தைக் காலை விலையை 600 கமக்காரருக்குத் தமிழில எஸ்எம்எஸ்ஸா அனுப்ப ஒரு சேர்வர் போட்டிருக்கிறன். பழைய டெஸ்க்டொப், டெபியன் 12 லினக்ஸ், எஸ்எம்எஸ் அனுப்பி வாங்குற கம்மு எஸ்எம்எஸ்டி, தரவுத்தளத்துக்கு மரியாடிபி. சிம் போடுற நாலு யூஎஸ்பி டொங்கிள், அதாவது மோடம் (எல்எஸ்யூஎஸ்பி கட்டளை அடிச்சால் எல்லாம் 12டி1 எண்டுதான் தொடங்குது), கரண்ட் அடப்டர் இல்லாத நாலு வாய் ஹப் ஒண்டு. ரெண்டு நிறுவனத்தின்ர சிம், ரெண்டு ரெண்டு. விடிய 5.30க்குத் தொடங்கி 6.30க்கு முன்னம் எல்லாருக்கும் போய்ச் சேரவேணும்.

நாலு சிக்கல் கிடக்கு.

ஒவ்வொரு முறை ரீபூட் பண்ணேக்கையும் டொங்கிளுக்கு லினக்ஸ் குடுக்கிற டிடிஒய்யூஎஸ்பி போர்ட் எண்கள் மாறிப்போகுது. சிலவேளை போர்ட்டைத் திறக்கவே ஏலாது எண்டு கம்மு சொல்லுது.

கையால அனுப்பினால் தமிழ் சரியாப் போகுது. நேரத்துக்குத் தானே ஓட்டுற கிரொன் வழியாப் போனால் முழுக்கக் கேள்விக்குறி.

அனுப்பத் தொடங்கிப் பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில ஏதாவது ஒரு டொங்கிள் செத்துப்போகும். கழட்டிப் போட்டால் திரும்ப வேலை செய்யும்.

கமக்காரர் அனுப்புற பதில்கள் ரெண்டு மூண்டு நாளைக்கு வரும், பிறகு நிண்டுபோகும்.

எதிலயிருந்து தொடங்கிறது?

வடலி:

கம்முவை நிப்பாட்டிப்போட்டு முதல்ல மோடத்தோட நேர கதைச்சுப் பாருங்கோ. மோடமே ஒழுங்கா மறுமொழி சொல்லாட்டில் மேல இருக்கிற சொஃப்ட்வெயாரில எதை மாத்தியும் பிரயோசனமில்லை.

12டி1 எண்டால் ஹுவாவே. அதுக்குப் பின்னால வாற நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 1446 எண்டால் டொங்கிள் இன்னும் தன்னைச் சிடி டிரைவ் எண்டு காட்டிக்கொண்டிருக்கு. டொங்கிளை மோடமா மாத்துற யூஎஸ்பி-மோட்சுவிட்ச் போட்ட பிறகு அது 1001, 1436, 1506 மாதிரி வேற எண்ணுக்கு மாறவேணும். மாறாட்டில் டிடிஒய் போர்ட்டே வராது. ஹைலிங்க் வகை டொங்கிள் ஒண்டும் இதுக்குள்ள இல்லைத்தானே எண்டு பாருங்கோ. அது நெட்வேர்க் கார்ட் மாதிரி நிக்கும், கம்முவுக்குத் தேவையான சீரியல் போர்ட்டைத் தராது.

அடுத்தது, போர்ட்டைத் திறக்க ஏலாததுக்குப் பெரும்பாலும் காரணம் லினக்ஸில மோடங்களைப் பார்க்கிற மோடம்மனேஜர் எண்ட சேவை. புது டிடிஒய்யைக் கண்ட உடன அது தானே திறந்து மோடத்துக்கான ஏடி கட்டளை போட்டுச் சோதிக்கும், பிறகு விடாமல் பிடிச்சுக்கொண்டிருக்கும். இந்த சேர்வரில அதுக்கு ஒரு வேலையும் இல்லை:

சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் --நவ் மோடம்மனேஜர்

கம்மு ஓடுற பயனர், சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில இருக்கவும் வேணும்.

எண் மாறுற பிரச்சினை: சீரியல் எண்ணை வச்சு யூடெவ் விதி (கருவிக்குப் பெயர் வைக்கிற விதி) எழுதப் போகாதேங்கோ. மலிவு டொங்கிள்களில சீரியல் எண் இருக்காது, இருந்தாலும் நாலிலயும் ஒண்டாவே இருக்கும். எந்த வாயில குத்தியிருக்கு எண்டதை வச்சுப் பிடிக்கிறதுதான் நிலைக்கும். /டெவ்/சீரியல்/பை-பாத் எண்ட கோப்புறைக்குள்ள பாருங்கோ. பெயரின்ர கடைசியில 0:1.3:1.2-போர்ட்0 மாதிரி வரும். முதல் 1.3 ஹப் வாய், பின்னால வாற 1.2 இல இருக்கிற 2 இடைமுக எண். இந்த டொங்கிள் ஒவ்வொண்டும் பெரும்பாலும் மூண்டு போர்ட் தரும்: 0 டேட்டாவுக்கு, 1 பழுது பார்க்க, 2 கட்டளைக்கு. புது மெசேஜ் வந்திருக்கு எண்ட அறிவிப்பு 2 இலதான் வரும். அதால 1.2-போர்ட்0 இல முடியிற பெயரையே கம்முவின்ர போர்ட் வரியில முழுசாப் போடுங்கோ. பிறகு ஹப்பில 1, 2, 3, 4 எண்டு மார்க்கரால எழுதி, எந்தச் சிம் எந்த வாய் எண்டதை ஒட்டி வையுங்கோ. வாய் மாத்திக் குத்தினால் எல்லாம் குழம்பும்.

இப்ப மோடத்தோட நேர கதைக்கிற மினிகொம்மைத் திறந்து ஒவ்வொரு டொங்கிளிலயும் இதுகளைத் தட்டுங்கோ:

ஏடி+சிபின்?
“ரெடி” எண்டு வரவேணும். பின் (சிம்மின்ர இரகசிய எண்) கேட்டால் சிம்மை ஒரு ஃபோனில போட்டு பின் பூட்டை எடுத்துவிடுங்கோ.

ஏடி+சிஆர்ஈஜி?
0,1 வந்தால் சரி. 0,2 எண்டால் இன்னும் நெட்வேர்க்கைத் தேடுது. 0,3 எண்டால் நெட்வேர்க் மறுத்துப்போட்டுது.

ஏடி+சிஎஸ்கியூ
சிக்னல் அளவு, 0 இலயிருந்து 31 வரைக்கும் வரும். ரெண்டால பெருக்கி 113ஐக் கழிச்சால் டிபிஎம். 15 எண்டால் மைனஸ் 83, அது காணும். 10க்குக் கீழ எண்டால் டொங்கிளை வேற இடத்தில வையுங்கோ. 99 எண்டால் அதுக்கு ஒண்டும் தெரியேல்லை.

ஏடி+சிஎஸ்சிஏ?
குறுஞ்செய்தி மையத்தின்ர எண், +94 இல தொடங்கவேணும். வெறுமையா வந்தால் அனுப்பேக்க 330ஆம் பிழை வரும்.

இடையில கேக்காமலே ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் அளவு) எண்டு வரி வரியா விழுந்தால் ஏடி^சியூஆர்சி=0 தட்டினால் அடங்கும். அந்த வரிகள் மறுமொழிக்குள்ள கலந்து கம்முவைக் குழப்பும்.

கீரிமலைக்காத்து:

மூண்டாவது சிக்கலுக்கு மட்டும் சொல்லுறன். உங்கட ஹப்தான் குற்றவாளி.

யூஎஸ்பி 2 வாய் ஒண்டு தரக்கூடியது 500 மில்லி அம்பியர். அடப்டர் இல்லாத ஹப் அந்த 500ஐத்தான் நாலாப் பிரிக்குது. டொங்கிள் சும்மா இருக்கேக்க கொஞ்சம்தான் இழுக்கும். ஆனால் 2ஜியில அனுப்பேக்க தொடர்ந்து அனுப்பாமல் 577 மைக்ரோ விநாடித் துண்டுகளா அனுப்பும், ஒவ்வொரு துண்டிலயும் கரண்ட் திடீரெண்டு எகிறும். நாலும் ஒண்டா அனுப்ப, வோல்ட் ஒரு கணம் விழ, அதில ஒண்டு தொங்கிப்போகும். ரவர் தூரமாயிருந்து சிக்னல் குறைவெண்டால் டொங்கிள் கூடின சக்தியில அனுப்பும், அப்ப இன்னும் மோசம்.

டிமெஸ்ஜி கட்டளையில கேர்னல் பதிவைப் பாருங்கோ. “யூஎஸ்பி டிஸ்கனெக்ட்” எண்டோ, மைனஸ் 71, மைனஸ் 110 எண்டோ பிழை வந்திருந்தால் இதுதான்.

5 வோல்ட் 4 அம்பியர் அடப்டரோட வாற ஹப் வாங்குங்கோ. 2 அம்பியர் அடப்டரை நாலு டொங்கிளுக்கு நம்பாதேங்கோ. ஒவ்வொரு டொங்கிளையும் அரை மீற்றர், ஒரு மீற்றர் யூஎஸ்பி வயரில விலத்தி வையுங்கோ. பக்கத்தில பக்கத்தில குத்தினால் ஒண்டு அனுப்புறது மற்றதின்ர காதை அடைக்கும், சூடும் ஏறும். வயர் தடிப்பானதா இருக்கட்டும், மெல்லிய வயரில வோல்ட் விழும். இரும்பு அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கவேண்டாம். சித்திரை வெக்கையில ஒரு சின்ன 12 செ.மீ. விசிறி பக்கத்தில ஓடினாலே பெரிய வித்தியாசம்.

கேர்னல் வரியில யூஎஸ்பிகோர்.ஓட்டோசஸ்பென்ட்=-1 எண்டும் போடுங்கோ, இல்லாட்டில் சும்மா இருக்கிற டொங்கிளை லினக்ஸே நித்திரையாக்கிவிடும்.

ஹப்பையும் சேர்வரையும் ஒரே யூபிஎஸ்ஸில குடுங்கோ. சேர்வருக்கு மட்டும் யூபிஎஸ் குடுத்தால் கரண்ட் போற நேரம் சேர்வர் ஓடும், டொங்கிள் நாலும் விழும். கூரைக்கு மேல வெளி அன்டெனா போடுற யோசினை இருந்தால் ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலை நினைச்சுக்கொள்ளுங்கோ. யன்னலோரம் வைச்சே 15 வருகுதெண்டால் அன்டெனா தேவையில்லை.

ஒற்றைக்கொம்பு:

தமிழ் கேள்விக்குறியாப் போறதுக்கு காரணம் கிரொன். நீங்கள் கையால தட்டேக்க உங்கட டெர்மினலில மொழி அமைப்பு யூடிஎஃப்-8. கிரொனுக்கு அது தெரியாது, வெறும் சி அமைப்பில ஓடும். கம்மு-எஸ்எம்எஸ்டி-இன்ஜெக்ட் தமிழ் எழுத்தை வாசிக்க ஏலாமல் கேள்விக்குறி ஆக்கிப்போடும். கிரொன்டாப்பின்ர மேல லாங்=சி.யூடிஎஃப்-8 எண்ட வரியைச் சேருங்கோ. கட்டளையில -யூனிகோட் எண்டதும், -லென் 400 எண்டதும் இருக்கவேணும். லென் போடாட்டில் நீட்டு மெசேஜ் ஒரு எஸ்எம்எஸ்ஸோட வெட்டுப்பட்டுப் போகும்.

தரவுத்தளத்தில, அனுப்பவேண்டிய மெசேஜ் கிடக்கிற அவுட்பொக்ஸ் அட்டவணையில நேர எழுதுறீங்கள் எண்டால் கோடிங் நிரலில யூனிகோட்_நோ_கொம்பிரெஷன் எண்டு இருக்கவேணும். பல பகுதி மெசேஜுக்கு பகுதிகளைத் திரும்ப ஒட்ட உதவுற யூடிஎச் தலைப்பையும் நீங்களே கட்டி, மிச்சப் பகுதிகளை அவுட்பொக்ஸ்_மல்டிபார்ட்டில போடவேணும். தலையிடி. இன்ஜெக்ட்டிட்ட விட்டால் அது தானே செய்யும்.

அதை விட முக்கியம் எழுத்துக் கணக்கு. ஆங்கிலம் 160 எண்டால் தமிழ் 70. ஒண்டுக்கு மேல போனால் ஒவ்வொரு பகுதியிலயும் 6 பைட் தலைப்புக்குப் போக, மிஞ்சுறது 67. அந்த 70உம் நாங்கள் எண்ணுற எழுத்தில்லை, குறி. புள்ளிக்கு ஒண்டு, கொம்புக்கு ஒண்டு, அரவுக்கு ஒண்டு. “யாழ்ப்பாணம்” எங்களுக்கு ஆறெழுத்து, மோடத்துக்குப் பதினொண்டு. “சின்ன வெங்காயம்” 15. “கத்தரிக்காய்” 12, “கத்தரி” எண்டு விட்டால் 6, சந்தையில எல்லாருக்கும் விளங்கும்.

ஓகார ஒகார எழுத்துகளைக் கவனியுங்கோ. “கொ” ரெண்டு குறியில எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் அரவையும் பிரிச்சு மூண்டு குறியிலயும் எழுதலாம். திரையில ரெண்டும் ஒண்டுதான். அனுப்ப முன்னம் ஸ்கிரிப்டில என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிச்ச குறிகளை ஒண்டாக்கிறது) செய்தால் சுருங்கும். 134 குறிக்குள்ள நிண்டால் ரெண்டு எஸ்எம்எஸ், 135 ஆனால் மூண்டு. 600 பேருக்கு அந்த ஒரு குறி 600 எஸ்எம்எஸ். ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்த்து 134ஐத் தாண்டினால் அனுப்பாமல் நிக்கிற மாதிரி எழுதுங்கோ.

சுன்னாகத்தான்:

பெரிய நன்றி. மோடம்மனேஜரை மாஸ்க் பண்ணி பை-பாத் போட்டது, ஹப் மாத்தினது, லாங் வரி சேர்த்தது எல்லாம் சரி வந்திட்டுது. டிமெஸ்ஜியில மைனஸ் 71 நிறையக் கிடந்தது, இப்ப இல்லை.

இப்ப ரெண்டு சிம்மில மட்டும் 60, 70 போன பிறகு 500ஆம் பிழை வரத் தொடங்குது. மற்ற ரெண்டும் முழுக்கப் போகுது. பதில் நிக்கிற பிரச்சினையும் அப்பிடியே.

வடலி:

பதில்: ஏடி+சிபிஎம்எஸ்? தட்டுங்கோ. “எஸ்எம்”,20,20 எண்டு வந்தால் சிம் நிரம்பிப்போச்சு, 20 இடத்தில 20உம் போட்டாச்சு. புதுசு உள்ள வர இடமில்லை. இந்தக் கட்டளைக்கு மூண்டு இடம் உண்டு: வாசிக்கிறது, எழுதுறது, வாறதைச் சேமிக்கிறது. முதலாவதும் மூண்டாவதும் வேற வேறயா இருந்தால் கம்மு ஒரு பெட்டியைப் பார்த்து அழிச்சுக்கொண்டிருக்க, மெசேஜ் மற்றப் பெட்டியில நிரம்பும். மூண்டையும் “எஸ்எம்” ஆக்குங்கோ. ஏடி+சிஎம்ஜிடி=1,4 எல்லாத்தையும் ஒரேயடியா அழிக்கும், அதுக்கு முன்னம் வேண்டிய பதிலை எடுத்து வையுங்கோ. டெலிவரி ரிப்போர்ட் கேக்கிறீங்கள் எண்டால் அதுகளும் உள்ள வாற மெசேஜ்தான். இரண்டு பகுதி மெசேஜுக்கு ரிப்போர்ட்டும் இரண்டு. விலை அறிவிப்புக்கு அது தேவையில்லை, டெலிவரிரிப்போர்ட் = நோ போடுங்கோ.

500 எண்டால் “தெரியாத பிழை”, அதால மோடத்திட்ட இருந்து காரணம் அறிய ஏலாது. 38 வந்திருந்தால் நெட்வேர்க் கோளாறு, 331 எண்டால் சேவை இல்லை, 21 எண்டால் மறுத்தது. உங்கட நிலையில பொதியில எஸ்எம்எஸ் முடிஞ்சிருக்கவேணும், இல்லாட்டில் வேகத்தைக் கண்டு மறிச்சிருக்கவேணும். 60 தமிழ் மெசேஜ் எண்டால் 120 எஸ்எம்எஸ் எண்டதை மறக்காதேங்கோ, பொதி அதைத்தான் எண்ணும்.

வேகத்தைக் குறைக்க அவுட்பொக்ஸில எப்ப அனுப்பவேணும் எண்டு குறிக்கிற சென்டிங்டேட்டைம் நிரல் இருக்கு. ஒரு பகுதிக்கு அனுப்ப 5 விநாடி, இடைவெளி 3 விநாடி, ரெண்டு பகுதிக்கு 16. ஒரு சிம்முக்கு 150 பேர். 150ஐ 16ஆல பெருக்கினால் 2400 விநாடி, 40 நிமிசம். 5.30க்குத் தொடங்கினால் 6.10க்கு முடியும். ஒவ்வொரு டொங்கிளுக்கும் தனி கொன்ஃபிக் கோப்பு, தனி ஃபோன்ஐடி, தனி எஸ்எம்எஸ்டி. அவுட்பொக்ஸில சென்டர்ஐடி நிரலில அந்த ஃபோன்ஐடியைப் போட்டால் அந்தச் சிம்தான் அனுப்பும். தன் நெட்வேர்க்குக்குள்ள மலிவெண்டால் 077, 076, 074 ஒரு பக்கம், 071, 070 இன்னொரு பக்கம் எண்டு பிரிச்சுவிடலாம்.

6.10க்கு ஒரு ஸ்கிரிப்ட், அனுப்பினது பதிவாகிற சென்ட்ஐடெம்ஸ் அட்டவணையில சென்டிங்எரர் எண்டு கிடக்கிறதை எடுத்து வேற சிம்முக்குத் திரும்பப் போடட்டும்.

இன்னொண்டு. ரிலேட்டிவ்வலிடிட்டி நிரலில 71 எண்டு எழுதுங்கோ. அந்த எண்ணோட ஒண்டைக் கூட்டி 5 நிமிசத்தால பெருக்கினால் ஆயுள், 71 எண்டால் 6 மணித்தியாலம். ஃபோன் நிப்பாட்டி வைச்சிருக்கிற ஆளுக்கு நேற்றைய விலை இண்டைக்குப் போய் அவர் அதை நம்பி வெங்காயத்தைக் குடுத்தால் நட்டம் அவருக்குத்தான்.

ஒற்றைக்கொம்பு:

வடலி அண்ணை சொன்னது 600 பேருக்குச் சரி. ஆனால் சாதாரண சிம் ஆளுக்கு ஆள் அனுப்பத் தாறது. ஒரே வாசகம் நூற்றுக்கணக்கில போனால் எந்த நேரமும் சிம்மை நிப்பாட்டலாம். இலக்கத்துக்குப் பதிலாப் பெயர் காட்டுறதும் மோடத்தால ஏலாது. 2000 பேரைத் தாண்டினால் நிறுவனத்திட்ட எஸ்எம்பிபி இணைப்பு (அவையின்ர எஸ்எம்எஸ் மையத்தோட நேர இணையிறது) எடுத்து, அதுக்கான கன்னெல் மென்பொருளைப் போடுங்கோ. தமிழுக்கு டேட்டா கோடிங் 8. கன்னெல்லின்ர 13000, 13013 போர்ட் ரெண்டையும் வெளிய திறந்து விடாதேங்கோ, மாதிரிக் கோப்பில இருக்கிற கடவுச்சொல்லையும் முதல் நாளே மாத்துங்கோ. அப்பவும் பதில் வாங்க ஒரு டொங்கிளை வைச்சிருக்கலாம்.

புது டொங்கிள் வாங்கேக்க பெட்டியில இருக்கிற 15 இலக்க ஐஎம்ஈஐயை 1909க்கு அனுப்பிப் பாருங்கோ, ஐஎம்ஈஐ எண்டு எழுதி இடைவெளி விட்டு எண். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிவு இருக்கோ இல்லையோ எண்டு மறுமொழி வரும்.

சுன்னாகத்தான்:

சிபிஎம்எஸ்ஸில மூண்டாவது இடம் “எம்ஈ” (டொங்கிளின்ர சொந்த நினைவகம்) எண்டு இருந்தது. மாத்தினேன், பதில் வருகுது. 500 வந்த ரெண்டு சிம்மிலயும் பொதி முடிஞ்சுதான் கிடந்தது. 16 விநாடி இடைவெளியும் 71உம் போட்டு விட்டிருக்கிறன். மெசேஜ் இப்ப 127 குறி.