உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களை எழுந்து நடக்க வைப்பது எப்படி?

கேள்வி:
22 பேர் கொண்ட வாடிக்கையாளர் சேவைப் பிரிவை நான் கவனித்துக்கொள்கிறேன். நாள் முழுக்க ஹெட்செட்டும் நாற்காலியும்தான். கழுத்துவலி, இடுப்புவலி என்று விடுப்பு கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். போன மாதம் 'தினமும் யார் அதிக அடி நடக்கிறார்கள்' என்று ஒரு போட்டி வைத்தேன். முதல் வாரம் நல்ல உற்சாகம். மூன்றாவது வாரம் மிஞ்சியவர்கள் நான்கே பேர், அவர்களும் ஏற்கெனவே காலையில் ஓடப் போகிறவர்கள். பட்டியலில் கடைசியாகப் பெயர் வந்த பெண் அதற்குப் பிறகு என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அதுதான் மனதை உறுத்துகிறது. கட்டாயப்படுத்தாமல் வேறு என்ன செய்யலாம்?

பதில் 1:
நானும் ஒன்பது வருடம் ஹெட்செட் வேலை பார்த்தவன். உங்கள் ஆட்கள் எழுந்து போகும் நிமிடங்கள் எங்காவது பதிவாகின்றனவா? எங்கள் இடத்தில் 'பிரேக்' பட்டனை அழுத்தாமல் நகர முடியாது. மாதக் கடைசியில் அந்தக் கணக்கை வைத்துத்தான் பேச்சு வாங்குவோம். எழுந்து போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரையே குறைத்துக்கொண்டேன். நடக்கப் பிடிக்காமல் இல்லை, பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். அப்புறம் வந்த மேலாளர், மணிக்கு ஐந்து நிமிடம் கணக்கில் வராது என்றார். அப்போதும் யாரும் எழவில்லை. அவரே தினமும் 11 மணிக்கு மாடிப்படி இறங்கி ஏறத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொருவராக எழுந்தோம்.

பதில் 2:
மேலே சொன்னது மிகச் சரி. லண்டன் பஸ் ஊழியர்களை வைத்து மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரட்டை அடுக்கு பஸ்ஸில் படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அவர்களுக்கு அந்த நடை வேலையிலேயே கிடைத்துவிட்டது. உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைச் சொல்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனை இப்போது இல்லை. இரண்டு நிமிடம் படியேறினாலும் கணக்குதான். நின்று வேலை செய்யும் மேசை வாங்கினால், நாள் முழுக்க நிற்கச் சொல்லாதீர்கள், அதுவும் இடுப்பைப் பதம் பார்க்கும்.

பதில் 3:
எனக்கு மூட்டுத் தேய்மானம். அடிக்கணக்குப் பட்டியலில் என் பெயர் எப்போதும் கீழேதான் இருக்கும். தயவுசெய்து பட்டியலை எடுத்துவிடுங்கள். நாற்காலியில் இருந்தபடியே காலை நீட்டி மடக்க எனக்கும் முடியும்.

கேட்டவர்:
ஆமாம், பதிவாகிறது. வாராவாரம் அந்த அறிக்கையை அனுப்புவதே நான்தான். இத்தனை நாளில் இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. பட்டியலை இன்றே எடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். மணிக்கு ஐந்து நிமிடத்தைக் கணக்கிலிருந்து நீக்க மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை, நாளை 11 மணிக்கு முதலில் நான் எழுகிறேன்.