அப்டேட்: கொள்ளுத்தாத்தாவோட போர் மெடல்
முன்னாடி கேட்டிருந்தேன்ல, முதல் உலகப்போருக்குப் போன கொள்ளுத்தாத்தாவோட மெடல் மட்டும்தான் இருக்கு, எப்படித் தேடுறதுன்னு. விளிம்பைப் பாருங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, மொபைல் டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சா நம்பர், பேரு, கடைசில போர்ட்டர் கார்ப்ஸ்னு தெரியுது! அதான் மெடல் வெண்கலம், சிப்பாய்களுக்கு வெள்ளி, சுமை தூக்கப் போனவங்களுக்கு இதுதான். துப்பாக்கி தூக்கினாருன்னுதான் வீட்ல கதை, பாட்டி இன்னும் ஒத்துக்கல.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணைய சைட்ல பேரு வராததும் இப்ப புரியுது, அது 1914 ஆகஸ்ட்ல இருந்து 1921 ஆகஸ்ட் வரைக்கும் செத்தவங்க லிஸ்ட், இவரு ஊர் திரும்பி வயல் பாத்தவரு. ஈராக்ல அந்தப் போர்ல செத்தவங்களுக்காக இருக்கற பாஸ்ரா நினைவிடத்துல சாதாரண இந்தியச் சிப்பாய்கள் பேரையே செதுக்கல, படைப்பிரிவு வாரியா எண்ணிக்கை மட்டும்தானாம், கடுப்பாயிடுச்சு. அடுத்து டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதணும், இப்ப நம்பர் இருக்கே.