ஐப்பசி, கார்த்திகை மழைக் கணிப்பு நம் நெல்லைப் பக்கத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மானூர் வட்டாரம், மானாவாரி விவசாயி:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். புரட்டாசியில் வடகிழக்குப் பருவமழைக்கான கணிப்பு வெளிவந்ததும், எங்கள் ஊர் டீக்கடையில் எழும் முதல் கேள்வி, "இயல்பை ஒட்டிப் பெய்யும் என்கிறார்களே, உளுந்தை விதைத்துவிடலாமா?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு அந்த அறிக்கையில் விடை கிடையாது. வானிலை ஆய்வுத் துறை அப்போது சொல்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாத மொத்த மழைக்கான வாய்ப்பை. அதுவும் தமிழ்நாட்டோடு கேரளம், கடலோர ஆந்திரம், இராயலசீமை, தென் உள் கர்நாடகம் ஆகியவற்றையும் சேர்த்துச் சொல்வது. மொத்தக் கணக்கு இயல்பாகவே முடிந்தாலும், இரண்டு நாளில் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் வானம் மேகமின்றி வெளிவாங்கி நின்றால் எங்கள் கரிசலில் உளுந்து பூவிலேயே கருகிவிடும்.

ஓர் ஐப்பசித் தொடக்கத்தில் நல்ல இடியோடு ஓர் உழவு மழை பெய்தது. விதைப்பெட்டியோடு புறப்பட்ட என்னை, பக்கத்துப் புஞ்சையில் ஆட்டுக்கிடை போட்டிருந்த பெரியவர் நிறுத்தி, "மேகாத்து இன்னும் அடங்கலவே. கொண்டல் திரும்பட்டும், அப்புறம் வெதையும்" என்றார். மேகாத்து என்பது மேற்குக் காற்று, கொண்டல் என்பது கிழக்குக் காற்று. நான் காத்திருந்தேன், அந்த ஈரத்தை நம்பி விதைத்த பலர் மறுவிதைப்புக்கு விதை தேடி அலைந்தார்கள். பகல் வெப்பத்தால் திரண்டு மாலையில் கொட்டும் இடிமழை வேறு, கிழக்குக் காற்று கடல் ஈரத்தைக் கொண்டுவந்து பெய்யும் பருவமழை வேறு. ஏறத்தாழ அக்டோபர் 20 வாக்கில் பருவமழை தொடங்கியதாக அறிவிப்பதற்கு முன் வானிலை ஆய்வாளர்கள் பார்க்கும் அடையாளங்களிலும் இந்தக் காற்றுத் திருப்பம் உண்டு என்பதைப் பின்னர்தான் படித்தேன். ஆனால் அதே பெரியவர் மார்கழிக் கர்ப்போட்டத்து மேகத்தை, அதாவது அடுத்த மழையைக் கருக்கொள்வதாக நம்பப்படும் மேகத்தை வைத்து அடுத்த ஆண்டு மழையை நாள்வாரியாகச் சொல்வதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

திசையன்விளைப் பக்கம், முருங்கை விவசாயி:

எங்கள் தேரிக்காட்டு (செம்மணல் மேட்டு) பக்கம் நிலைமை எளிது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி வடக்கே சென்னைக்கோ ஆந்திரத்துக்கோ நகர்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னால், எங்களுக்கு மேற்குக் காற்றும் வெயிலும் வரப்போகின்றன என்று பொருள். காற்றை அது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. குமரிக்கடல் என்ற சொல் அறிக்கையில் வந்தால் மட்டுமே நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

அம்பாசமுத்திரம், பிசானப் பருவ நெல் விவசாயி:

எங்களுக்கு வயலில் பெய்யும் மழையைவிட மலையில் பெய்யும் மழைதான் முக்கியம். பாபநாசம் அணைக்குத் தென்மேற்குப் பருவத்திலும் தண்ணீர் வரும். மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தையே நம்பியிருக்கிறது. ஆகவே 143 அடிப் பாபநாசம் நிரம்பியும் 118 அடி மணிமுத்தாறு பாதியில் கிடக்கும் ஐப்பசிகளை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். காலையில் செய்தித்தாளை விரித்தால் அணைமட்டப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திக்குப் போவோம்.

மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை விடுத்த ஒரு கார்த்திகை நாளில், எங்கள் தெருவில் வாசல் தெளித்தது போல் தூறிவிட்டு நின்றது. "இதற்குத்தானா பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்?" என்று எல்லோரும் கேலி பேசிக்கொண்டிருந்த வேளையில், மலைமேலிருக்கும் மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கிய பேருந்தின் நடத்துநர், சட்டை முழுக்க நனைந்தவராக, "ஊத்துலயும் நாலுமுக்குலயும் விடியவிடிய ஊத்தி எடுத்துட்டு, அண்ணாச்சி. ஆத்துப் பக்கம் யாரும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊத்து, நாலுமுக்கு இரண்டும் அந்த மலையிலுள்ள எஸ்டேட்டுகள். அன்று பிற்பகல் தாமிரபரணியில் படித்துறைப் படிகள் ஒவ்வொன்றாக மூழ்கின. ஆரஞ்சு எச்சரிக்கை என்பது மாவட்டத்தின் ஓரிரு இடங்களில் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யலாம் என்பதைக் குறிப்பது. அந்த ஓரிரு இடங்கள் பெரும்பாலும் கிழக்குக் காற்று நேராக மோதும் அந்த மலைச்சரிவாகத்தான் இருக்கும். வாசலில் மழை இல்லை என்பதற்காகக் கணிப்பு பொய்த்துவிட்டது என்று சொல்வது ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு ஆகாது.

ஸ்ரீவைகுண்டம் பக்கம், குளத்துப் பாசன விவசாயி:

அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி சொன்னதற்கு மறுபக்கமும் உண்டு. மலையே இல்லாத இடத்திலும் வானம் பிளந்துகொள்ளும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலைப் பற்றித்தான் நாடு முழுவதும் பேச்சாக இருந்தது. அது ஆந்திரத்தில் கரையைக் கடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், குமரிக்கடல் பகுதியில் நிலவிய, பெயர்கூட இல்லாத ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி, 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழையைக் கொட்டியது. தமிழ்நாட்டின் சராசரி வடகிழக்குப் பருவமழை மூன்று மாதங்களுக்கும் சேர்த்தே ஏறத்தாழ 44 செ.மீ.தான். பெயர் வைத்த புயலுக்கு மட்டும் பயப்படும் பழக்கம் எங்கள் ஊரில் அன்றோடு போயிற்று.

அன்று மாலை, எங்கள் ஊர்க் குளத்து மடை பார்க்கும் மூத்த அண்ணாச்சி கரையின் வெளிச்சரிவில் குனிந்து நின்று, அடியில் கசிந்த நீரைக் கையில் ஏந்தி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார். தெளிவாகக் கசிந்தால் கரை தாங்கும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். கையில் இருந்தது செம்மண் கரைசல். அவர் வேறு எதுவும் சொல்லாமல் நேரே கீழத்தெருவுக்குப் போய், குழந்தைகளையும் மாடுகளையும் மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற்றச் சொன்னார். நள்ளிரவுக்குப் பிறகு கரை உடைந்தது. வீடுகள் போயின, ஆள் ஒருவரும் போகவில்லை. செல்பேசிக் கோபுரங்கள் அதற்கு முன்பே செயலிழந்துவிட்டதால், சிவப்பு எச்சரிக்கை எங்கள் கைக்கு வந்திருந்தாலும் அதை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோக ஒரு மனிதர் நடந்தே தீர வேண்டியிருந்தது.

மானூர் வட்டாரம், மானாவாரி விவசாயி:

எல்லோருக்கும் நன்றி. இந்த முறை ஊருக்கென்று ஒரு மழைமானி வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வைத்திருப்பவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

களக்காடு, வாழை விவசாயி:

நாங்கள் வைத்திருக்கிறோம், அண்ணாச்சி. மரத்துக்கும் சுவருக்கும் விலகிய திறந்த வெளியில், மட்டம் பார்த்துப் பதியுங்கள். வேப்பமர நிழலில் வைத்தால் இலை சொட்டுவதையும் சேர்த்துத்தான் அளப்பீர்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, அந்தத் தேதியிலேயே எழுதுங்கள். வானிலைத் துறையின் கணக்கும் அந்த நேரத்தை வைத்துத்தான் என்பதால் ஒப்பிட வசதியாக இருக்கும். ஏத்தன் (நேந்திரம்) வாழைக்கு முட்டுக் கொடுக்கும் முடிவை மட்டும் மழைமானியைப் பார்த்து எடுக்காதீர்கள். மரத்தைச் சாய்ப்பது காற்று. அதற்குச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையில் காற்றின் வேகத்தைத் தனியே தந்திருப்பார்கள். குலை தள்ளிய தோட்டமாக இருந்தால் அந்த வரியை முதலில் படியுங்கள்.