மறு: ‘நான்-லீக்’ கழகம் – ‘லீக் அல்லாத’ என்பது சரியா?

அனைவருக்கும் வணக்கம்.

நாம் தமிழில் எழுதிவரும் வெஸ்ட் ஆக்லண்ட் டவுன் கழகத்தைப் பற்றிய கட்டுரை “இங்கிலாந்தின் லீக் அல்லாத கால்பந்துக் கழகம்” என்று தொடங்குகிறது. ஆங்கிலத்தின் ‘நான்-லீக்’ (non-league) என்ற சொல்லுக்கு நாம் போட்ட தமிழ் அது. “அப்படியென்றால் இவர்கள் எந்த லீக்கிலும் ஆடுவதில்லையா?” என்று தம்பி ஒருவர் கேட்கப்போய் இந்த இழை நீண்டுவிட்டது. கேள்வி நியாயமானதுதான். அடுத்த வரியிலேயே “நார்தர்ன் லீக்கில் ஆடுகிறது” என்று நாமே எழுதி வைத்திருக்கிறோம். படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

> ‘நான்-லீக்’ என்று அப்படியே ஒலிபெயர்த்துவிடலாமே. கால்பந்து பார்ப்பவர்களுக்குப் புரியும்.

வேண்டாம் ஐயா. அந்தச் சின்னக் கோடு விழுந்துவிட்டால் “நான் லீக்” ஆகிவிடும். யாரோ எழுந்து நின்று தன்னை அறிமுகம் செய்துகொள்வதுபோல் இருக்கிறது. போதாததற்கு, நம் ஊரில் லீக் ஆவது குழாயும் கேள்வித்தாளும். நார்தர்ன் லீக், சதர்ன் லீக் போன்ற பெயர்களை ஒலிபெயர்ப்பில் விடலாம். வகையைச் சொல்லும் சொல் தமிழில் இருந்தால்தான் பொருள் தெரியும்.

> ‘அல்லாத’ பிடிக்கவில்லை என்றால் ‘சாரா’ போடலாம். அணிசாரா நாடுகள், அரசு சாரா நிறுவனம் இருக்கின்றனவே.

இலக்கணப்படி நல்ல யோசனை. இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. ஒன்று, தமிழ்ப் பத்திரிகைகளில் ‘லீக்’ என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. “லீக் சுற்றிலேயே இந்தியா வெளியேறியது” என்றால் எல்லோருடனும் ஆடும் முதல் சுற்று. அதற்கு எதிர்ப்பதம் நாக்-அவுட். ஆகவே ‘லீக் சாரா’ என்று படிப்பவர் இது நாக்-அவுட் போட்டி மட்டும் ஆடும் கழகம் என்று நினைக்க இடமுண்டு. இரண்டாவது சிக்கல் எழுத்துப்பிழை சம்பந்தப்பட்டது. ‘சாராக் கழகம்’ என்பதில் ஒரு எழுத்து கூடினால் ‘சாராயக் கழகம்’. இந்தக் கழகத்தின் கோப்பை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் எங்கே கிடந்தது என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மூலச்சொல்லே எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 1888இல் 12 கழகங்கள் சேர்ந்து ஃபுட்பால் லீக் என்று ஒன்றைத் தொடங்கின. கால்பந்தில் அதுதான் முதல் லீக் என்பதால் அடைமொழி தேவைப்படவில்லை. தஞ்சாவூரில் ‘பெரிய கோயில்’ என்றால் எந்தக் கோயில் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. அடுத்த ஆண்டே, 1889இல், வடகிழக்கில் நார்தர்ன் லீக் வந்துவிட்டது. பிறகு வரிசையாகப் பல. இத்தனை வந்த பிறகும் ‘லீக்’ என்றால் அந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் ‘நான்-லீக்’. அதாவது இது அந்த 12 பேர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்து வைத்த பெயர். அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் திண்ணையின் பார்வையும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1992இல் ஃபுட்பால் லீக்கின் முதல் பிரிவுக் கழகங்கள் பிரிந்துபோய் பிரீமியர் லீக்கைத் தொடங்கின. சொல்லின் நேர்பொருளைப் பிடித்துக்கொண்டு போனால், அன்றிலிருந்து மான்செஸ்டர் யுனைடெடும் ‘ஃபுட்பால் லீக் அல்லாத’ கழகம்தான்! ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. இன்று அந்தச் சொல்லின் உண்மையான பொருள், பிரீமியர் லீக்கின் 20, அதன் கீழுள்ள மூன்று பிரிவுகளின் 72, ஆக 92 கழகங்களுக்கு வெளியே இருப்பது என்பதுதான்.

> அப்படியானால் ‘கீழடுக்குக் கழகம்’ போதுமே. வெஸ்ட் ஆக்லண்ட் ஒன்பதாம் அடுக்கில்தானே ஆடியது?

இன்றைய நிலைக்குப் பொருந்தும். வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருந்தாது. அடுக்கு என்றால் ஏறி இறங்கப் படி இருக்க வேண்டும். அந்தப் படி வந்ததே 1987இல்தான். அந்த வருடம் ஸ்கார்பரோ கழகம் தானாக ஃபுட்பால் லீக்குக்குள் போனது, லிங்கன் சிட்டி வெளியே வந்தது. அதுவரை உள்ளே போக வேண்டுமென்றால் உள்ளே இருப்பவர்கள் ஓட்டுப் போட வேண்டும். உள்ளே இருப்பவர் யாரை விடுவார்? நான்காம் பிரிவு தொடங்கிய 1958 முதல் 1986 வரை புதிதாக உள்ளே போனவை ஆறே ஆறு: பீட்டர்பரோ, ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், ஹியர்ஃபோர்ட், விம்பிள்டன், விகன். 1980இல் ஆல்ட்ரிங்கம் ஒரே ஒரு ஓட்டில் ராச்டேலிடம் தோற்றது. எதிர்த்திசையிலும் அப்படித்தான். 1960இல் கடைசி இடத்தில்கூட இல்லாத கேட்ஸ்ஹெட்டை வெளியேற்றினார்கள்.

அதற்கும் முன்னால் போனால் ‘கீழ்’ என்பது தப்பாகவே ஆகிவிடுகிறது. 1901இல் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையை வென்ற டாட்டன்ஹாம் அப்போது சதர்ன் லீக்கில் ஆடிய கழகம். மறு ஆட்டத்தில் 3–1 என்று வீழ்த்தியது ஷெஃபீல்ட் யுனைடெடை, அதாவது உள்ளே இருந்த ஒரு கழகத்தை. டாட்டன்ஹாமைக் கீழடுக்கு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> ‘அமெச்சூர்’ அல்லது ‘பயில்முறை’?

இது வேறு கோடு. ‘பயில்முறை’ நல்ல சொல். நாடகக் குழுக்களுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. அதை அமெச்சூருக்கே வைத்துக்கொள்வோம். சம்பளம் வாங்குகிறாரா என்பது ஒரு கேள்வி, எந்த லீக்கில் ஆடுகிறார் என்பது வேறு கேள்வி. ரெக்ஸம் 2008 முதல் 2023 வரை வெளியேதான் இருந்தது, ஆட்டக்காரர்கள் சம்பளம் வாங்காமலா ஆடினார்கள்? வெஸ்ட் ஆக்லண்ட் 1909இல் இரண்டுமாக இருந்தது, அதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

சரி, அந்த 1909 கதை. கட்டுரையில் இது இரண்டு வரியில் முடிந்திருப்பது எனக்குக் குறையாகவே படுகிறது. டர்ஹாம் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்க ஊர் வெஸ்ட் ஆக்லண்ட். தேயிலை வணிகர் தாமஸ் லிப்டன் பெயரில் இத்தாலியின் டுரின் நகரில் ஒரு பன்னாட்டுப் போட்டி நடந்தது. இங்கிலாந்தின் சார்பில் போனது இந்தச் சுரங்கத் தொழிலாளர் அணி. அப்போது வுல்விச் ஆர்சனல் என்றிருந்த ஆர்சனலுக்குப் போக வேண்டிய கடிதம் ‘W.A.’ என்ற முதலெழுத்துக் குழப்பத்தால் இவர்களுக்கு வந்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது, கட்டுரையில் அதைக் கதை என்றே குறிப்போம். போனவர்கள் ஸ்டுட்கார்ட் அணியை 2–0, இறுதியில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரை 2–0 என்று வென்றார்கள். 1911இல் மறுபடி போய் இறுதியில் யுவென்டஸை 6–1 என்று வென்றார்கள். அச்சுப்பிழை இல்லை, ஆறுதான்! இரண்டு முறை தொடர்ந்து வென்றதால் கோப்பை அவர்களுக்கே சொந்தமானது.

ஊர் திரும்பினால் கழகத்துக்குக் கடன். கோப்பையை உள்ளூர் வீட்ஷீஃப் மதுவிடுதியை நடத்திய பெண்மணியிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். 1960இல்தான் 100 பவுண்டு கொடுத்து மீட்டார்கள். (சாராயக் கழகம் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.) 1994இல் அது திருடுபோனது, இப்போது இருப்பது அதைப் பார்த்துச் செய்த நகல். இதை “முதல் உலகக் கோப்பை” என்று அந்த ஊரார் சொல்வதுண்டு. அவர்கள் சொல்லட்டும், நாம் மேற்கோள் குறி போட்டு எழுதுவோம். டுரினிலேயே 1908இல் இன்னொரு பன்னாட்டுப் போட்டி நடந்திருக்கிறது.

இலங்கை மலையகத்திலிருந்து எழுதும் அக்கா ஒன்றை நினைவூட்டினார்: லிப்டனின் தேயிலையில் ஒரு பங்கு அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்ன தோட்டத்தில் தமிழர்கள் பறித்த கொழுந்து. கட்டுரையில் ஒரு வரி சேர்க்கலாம், லிப்டன் பற்றிய பகுதியில். அதே அக்கா ‘கால்பந்து’ என்ற இடத்தில் ‘உதைபந்தாட்டம்’ என்றும் குறிக்கச் சொன்னார். முதல் வரியில் இரண்டையும் போட்டுவிடலாம்.

என் பரிந்துரை: ‘புறவரிசைக் கழகம்’. ‘அல்லாத’, ‘சாரா’ இரண்டும் இல்லாமையைச் சொல்கின்றன. ‘புற’ இருக்கும் இடத்தைச் சொல்கிறது. புறநகரில் இருப்பவர் நகரம் அற்றவர் இல்லை; அவருக்கும் கடைத்தெரு, கோயில், திருவிழா எல்லாம் உண்டு. ‘கீழ்’ என்ற இழிவும் ஒட்டவில்லை.

— மறுநாள் —

> ‘வரிசை’ என்றதும் ரேஷன் கடைதான் கண்ணில் நிற்கிறது. கால்பந்தே தெரியவில்லையே?

ஐயா, நேற்று இதைப் படித்துவிட்டு நன்றாகச் சிரித்தேன். ஆனால் யோசித்தால் அதுவும் பொருத்தம்தான். வருடா வருடம் விண்ணப்பத்தோடு வாசலில் நின்றவர்கள்தானே இவர்கள். தவிர ‘வரிசை’ என்றால் தரம், மரியாதை என்றும் பொருள் உண்டு. ‘சீர்வரிசை’யில் இருப்பது அதுதான். அந்த மரியாதை வட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்ற பொருளும் சேர்கிறது.

> புறவட்டம்?

நானும் முதலில் அதைத்தான் எழுதி அடித்தேன். நிர்வாகப் பிரிவாகிய வட்டம், அரசியல் கட்சியின் வட்டச் செயலாளர் எல்லாம் உள்ளே வருகிறார்கள். ‘கழகம்’ வேறு பக்கத்திலேயே இருக்கிறது. ‘புறவட்டக் கழகம்’ என்றால் சென்னைக்காரர்கள் கால்பந்தை நினைக்கவே மாட்டார்கள்.

> புதிய சொல் என்பதால் முதல்முறை வரும்போது விளக்கம் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தைப் போட்டுத் தப்பிக்காமல், வாக்கியத்துக்குள்ளேயே விளக்கிவிடலாம். முதல் பத்தியை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன், பாருங்கள்:

“வெஸ்ட் ஆக்லண்ட் டவுன், இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் 1893இல் தொடங்கப்பட்ட கால்பந்துக் கழகம், இலங்கை வழக்கில் உதைபந்தாட்டக் கழகம். நாட்டின் முதல் நான்கு பிரிவுகளைச் சேர்ந்த 92 கழகங்களுக்கு வெளியே, தமக்கென லீக்குகள் வைத்து ஆடும் புறவரிசைக் கழகங்களில் இதுவும் ஒன்று.”

‘புறவரிசைக் கழகம்’ என்பதில் க் கட்டாயம் மிகும். ‘புறவரிசை கழகம்’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். டாட்டன்ஹாம் கட்டுரையில் 1901ஆம் ஆண்டுப் பகுதிக்கும் இதே சொல்லைப் போடலாமா, அல்லது ‘சதர்ன் லீக் கழகம்’ என்றே விடலாமா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் சொல்லட்டும்.