ஸ்பீடு ஃபைன்: கட்டிவிட்டுப் போவதா, கேள்வி கேட்பதா?

மூன்றாம்கியர்:
60 எல்லை உள்ள சாலையில் 78-ல் வந்ததாகச் சொல்லி என்னை ஓரம் கட்ட வைத்து அபராதச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். மூன்று தடச் சாலை, நேர்கோடு மாதிரி இருக்கும், நல்ல பகல் வெளிச்சம், குறுக்கே ஒரு ஆள் இல்லை. முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் இரண்டு கார். எல்லோரும் அதே வேகம்தான். அத்தனை பேரில் என்னை மட்டும் கைகாட்டி நிறுத்தினார்கள். என் மீட்டரில் முள் 70-ஐத் தாண்டவில்லை. 60 என்ற பலகை மரக்கிளைக்குப் பின்னால் பாதி மறைந்து கிடக்கிறது. பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்ததுதான் பணத்தைவிட வலிக்கிறது. வீட்டில் "கட்டித் தொலைத்துவிட்டு வேலையைப் பார்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கடைசிவரை வாதாடிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
கட்டிவிடுங்கள் நண்பரே. "எல்லோரும் அதே வேகம்" என்பது கும்பலோடு கோவிந்தா. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள் என்பதால் நீங்கள் வந்த வேகம் குறைந்துவிடாது.

சாலை காலி என்கிறீர்கள். சரி, அந்தக் காலிச் சாலையில் திடீரென்று ஒரு ஆள் இறங்கினால்? 60 வேகம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். 78 என்றால் 22-க்குச் சற்றுக் குறைவு. பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகிறது என்று வைப்போம். ரோடு உலர்ந்திருக்கிறது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. 60-ல் வந்தவர் 36, 37 மீட்டரில் நின்றுவிடுவார். 78-ல் வந்தவருக்கு 55 மீட்டர் வேண்டும். இதைக்கூட விடுங்கள். முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி என்ன வேகத்தில் கடக்கும்? கிட்டத்தட்ட 58. நீங்கள் "18 தானே கூட" என்று கழித்துப் பார்க்கிறீர்கள். பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்.

இதில் மிச்சம் என்ன? 12 கிலோமீட்டர் போக வேண்டும் என்றால் மூன்று நிமிடம்கூட இல்லை. அதுவும் வழியில் ஒரு சிக்னலும் சிவப்பு விழாமல் இருந்தால்.

வழக்காடி:
கணக்கு சரி. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. வேகம் ஆபத்தா என்று அவர் கேட்கவில்லை. அந்த 78 அவருடைய வண்டியின் வேகம்தானா என்பதே விஷயம். முன்னால் லாரி இருந்தது என்கிறார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

ரேடார் கருவி ரேடியோ அலையை அனுப்பி, ஓடும் வண்டியில் பட்டுத் திரும்பி வரும்போது அலைவெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். டாப்ளர் விளைவு என்று பள்ளியில் படித்ததுதான். அந்த அலை டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே போகும். 300 மீட்டர் தள்ளி இருந்தால் சாலை மொத்தத்தையும் மூடிவிடும். அதற்குள் இருக்கும் எல்லா வண்டியிலிருந்தும் எதிரொலி வரும். தகரம் பெரிதாக இருந்தால் எதிரொலியும் பெரிது. லாரியின் வேகம் காரின் தலையில் விழலாம். லேசர் அப்படியில்லை. துடிப்பு துடிப்பாக அனுப்பி, தூரம் எப்படிக் குறைகிறது என்று கணக்கிடும். அதே 300 மீட்டரில் அதன் கதிர் ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும், குறி வைத்த வண்டிதான் மாட்டும்.

ஆகவே கட்டுவதற்கு முன்னால் எழுதிக் கேளுங்கள்: என்ன கருவி, கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், எங்கே நின்று எந்தத் தடத்தை அளந்தார்கள், படம் இருக்கிறதா. பல நாடுகளில் பணம் கட்டினாலே ஒப்புக்கொண்டதாக அர்த்தம், அப்புறம் வாய் திறக்க முடியாது. சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி என்பதில் இந்தக் கொக்கியும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
லாரியும் அதே வேகம் என்று அவரே வாக்குமூலம் கொடுத்துவிட்டாரே சார். யாருடைய எதிரொலி வந்தால் என்ன?

இன்னொன்று. கருவியை ஓரத்தில் நிறுத்தி, வண்டி வரும் திசைக்குச் சாய்வாக அளந்தால் ரேடார் உண்மை வேகத்தைவிடக் குறைத்துத்தான் காட்டும். 20 டிகிரி சாய்வுக்கு 6 சதவீதம் குறையும். அந்தப் பிழை ஓட்டுபவருக்குச் சாதகம். ரோந்து வண்டி ஓடிக்கொண்டே அளந்திருந்தால் மட்டும் கதை மாறலாம். இங்கே அவர்கள் நின்றுகொண்டுதானே இருந்தார்கள்?

மீட்டர் வாதமும் நிற்காது. ஐ.நா. வாகன விதி 39-ன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 சதவீதமும் மேலே 4 கிலோமீட்டரும் வரைக்கும். அந்த விதிப்படி செய்த வண்டியில் 70 என்று காட்டினால் உண்மையில் 70 அல்லது அதற்கும் கீழே. எனவே ஒன்று, கருவி பொய். இல்லை, டயர் மாறியிருக்கிறது. அதுவும் இல்லை என்றால் முள்ளை நீங்கள் அந்த நொடியில் பார்க்கவில்லை.

மூன்றாம்கியர்:
வண்டி இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. முன்பு வைத்திருந்தவர் டயரைப் பெரிதாகப் போட்டிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டுமா?

திருகாணி:
காட்டும் அண்ணே. மீட்டர் எண்ணுவது சக்கரத்தின் சுற்றை மட்டும்தான். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பது கம்பெனி போட்ட டயர் அளவை வைத்து உள்ளே ஏற்றி வைத்த கணக்கு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் அளவும் காற்றழுத்தமும் போட்டிருப்பார்கள். அதையும் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

ஆனால் 70 எங்கே, 78 எங்கே? 11 சதவீதம் வருகிறது. புது டயருக்கும் மொட்டையாகத் தேய்ந்த டயருக்குமே 2 சதவீதம் போலத்தான் வித்தியாசம். 11 சதவீதம் பெரிதாகப் போட்டால் முழுசாக ஸ்டியரிங் ஒடிக்கும்போது உள்ளே தேய்க்கும், சத்தம் கேட்கும். அப்படி எதுவும் இல்லையே?

நடுராத்திரி:
இரவில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன் நான். நிறுத்தப்படுவது எனக்குத் தொழிலில் ஒரு பகுதி. கருவி, கோணம் எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம், அந்த ஐந்து நிமிடத்தை எப்படிக் கடப்பது என்று யாருமே சொல்லவில்லை.

பின்னால் விளக்கு மின்னியதுமே இண்டிகேட்டரைப் போட்டுவிடுவேன். அதைப் பார்த்ததும் பின்னால் வருகிறவருக்கு "இவன் ஓட மாட்டான்" என்று தெரிந்துவிடும். வளைவிலோ பாலத்திலோ நிறுத்த மாட்டேன். என்னைவிட அந்தப் போலீஸ்காரருக்குத்தான் அங்கே ஆபத்து, அவர் சாலையின் பக்கம் நடந்து வரவேண்டும். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். இறங்கச் சொல்லாமல் இறங்குவதில்லை. லைசென்ஸ் கேட்டால் "டேஷ்போர்டுக்குள் இருக்கிறது, எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கை போகும். வருகிறவருக்கு நான் யார் என்று தெரியாது. இருட்டில் சட்டென்று குனிகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் பக்கென்றுதான் இருக்கும்.

பக்கத்து சீட்டு ஆளையும் அடக்கி வைக்க வேண்டும். ஓட்டுகிறவன் அமைதியாக இருப்பான், பக்கத்தில் இருக்கிறவர் வீரவசனம் பேசி ஏழரையை இழுத்து விடுவார். "நான் யார் தெரியுமா" என்று ஆரம்பிக்கிறவர்கள் வீடு போய்ச் சேர நேரமாகும்.

பின்சீட்டு:
எல்லாம் சரி அண்ணா, ஆனால் படிக்கும்போது பாடம் முழுக்க ஓட்டுகிறவருக்கே இருக்கிறது. "ஏன் நிறுத்தினீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்பதுகூட வாய்க்கொழுப்பா? பழைய வண்டி என்றால், முகம் வேறு மாதிரி இருந்தால் அதிகம் நிறுத்தப்படுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களிடம் "கையை ஸ்டியரிங் மேல் வை, எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தனியாக ஓட்டும் பெண்ணாக இன்னொன்றும் சொல்கிறேன். இருட்டில், சீருடை கண்ணுக்குத் தெரியாத ஒருவர் நிறுத்தச் சொன்னால் அங்கேயே நிற்க மாட்டேன். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, வேகத்தை நன்றாகக் குறைத்து, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடம் வரை போய் நிறுத்துவேன். அவசர எண்ணைக் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னவர் உண்மையான போலீஸ்தானா என்று கேட்பேன். அதற்காகத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

நடுராத்திரி:
கேட்பது தப்பே இல்லை தங்கச்சி. கேட்கிற தொனிதான். நீங்கள் சொன்ன அநியாயம் இல்லை என்றும் நான் சொல்லவில்லை. அதை ரோட்டோரத்தில் வைத்துத் தீர்க்க முடியாது என்றுதான் சொல்கிறேன். போலீஸ்காரரின் பெயர் அட்டையில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இடம், நேரம் குறித்துக்கொள்ளுங்கள். டாஷ்கேம் இருந்தால் பதிவை அன்றே எடுத்து வையுங்கள், பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

வழக்காடி:
இதில் நான் நடுராத்திரி பக்கம். கூடுதலாக இரண்டு. "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள் தெரியுமா?" என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், நீங்களாக ஒரு எண்ணைத் தூக்கிக் கொடுக்கவும் வேண்டாம். பல இடங்களில் அது குறிப்பில் ஏறும். "எல்லோரும்தான் சார் வந்தார்கள்" என்பது உங்கள் காதுக்குத்தான் எதிர்ப்பு, எழுதிக்கொள்கிறவருக்கு அது ஒப்புதல். கையெழுத்து கேட்டால் மறுத்து அடம் பிடிக்காமல் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் சீட்டு கைக்கு வந்தது என்பதற்கான ஒப்பம்தான்.

சாலைவாசி:
எதற்கு இத்தனை வியாக்கியானம்? இது வசூல் வேட்டை. மூன்று தடம் போட்டு ஓடுபாதை மாதிரி சாலை கட்டுவார்கள், அதில் 60 என்று பலகை நடுவார்கள், அதுவும் மரத்துக்குப் பின்னால். கால் தானாக 75-க்குப் போகும், அங்கே கருவியோடு ஒருவர் நிற்பார். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் சாலையைக் குறுக்கி, மேடு போட்டு, வேகத்தைச் சாலையே குறைக்கும்படி கட்டியிருக்கலாமே? வேகக் கேமராவையே கண்டுபிடித்தது பணம் பண்ணத்தான்.

கணக்குப்பிள்ளை:
சாலை வடிவமைப்பு பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கேமரா பற்றிச் சொன்னது தப்பு. காட்சோ என்ற வேகக் கேமராவுக்குப் பெயர் கொடுத்த மாரிஸ் காட்சோனிடெஸ் 1953-ல் மான்டி கார்லோ ராலி ஜெயித்த டச்சுக்காரர். வளைவில் தன் காரை இன்னும் வேகமாக ஓட்டப் பழகுவதற்காக அளக்கும் கருவியைச் செய்தார், அதை போலீஸ் எடுத்துக்கொண்டது. இதில் யார் யாரைக் கேலி செய்வது என்றே தெரியவில்லை.

வசூலே நோக்கம் என்றாலும் கூட, சராசரி வேகம் 1 சதவீதம் ஏறினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 சதவீதம் ஏறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒருவர் பணத்துக்காக நிறுத்தினார் என்பதால் அந்தக் கணக்கு மாறிவிடுமா?

சாலைவாசி:
நிறுத்திய இடத்தில் மட்டும் வேகம் குறையும். கேமரா கண்ணில் பட்டதும் பிரேக், தாண்டியதும் மிதி. தினமும் பார்க்கிறேன். இரண்டு கேமராவுக்கு நடுவில் எடுத்த நேரத்தை வைத்துச் சராசரி பார்க்கும் முறை இருக்கிறது, அதை வையுங்கள், வாயை மூடிக்கொள்கிறேன். அப்புறம் தொகை. நாள்கூலிக்காரருக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே அபராதம் என்றால் ஒருவருக்கு அது தண்டனை, இன்னொருவருக்கு பார்க்கிங் கட்டணம். பின்லாந்தில் பெரிய வேகமீறலுக்கு வருமானத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். அந்த நாள்-அபராத முறை 1921 முதல் இருக்கிறது. பணக்காரர்கள் ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் கட்டியதும் உண்டு.

பின்சீட்டு:
மூன்றாம்கியர், நீங்கள் பிள்ளைகளைப் பற்றி எழுதியதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவர்களிடம் என்ன சொன்னீர்கள்? பெரும்பாலான வீடுகளில் வண்டி கிளம்பியதும் அந்தப் போலீஸ்காரரை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அன்றைய பாடம் அதுதான். கோபம் வரும், கை நடுங்கும், வயிறு எரியும், எல்லாம் இயல்பு. சீட்டை வாங்கிய கையோடு வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள். அவமானத்தில் ஓட்டுகிறவர்கள் கண்ணாடியில் போலீஸ் வண்டியையே பார்த்துக்கொண்டு முன்னால் இருப்பதை விட்டுவிடுவார்கள்.

மூன்றாம்கியர்:
திட்டத்தான் செய்தேன், மறைக்க என்ன இருக்கிறது. டயர் அளவு ஸ்டிக்கரோடு அப்படியே ஒத்துப்போகிறது. பதிவு கேட்டு எழுதினேன், பதில் வந்துவிட்டது: லேசர். சரிபார்ப்புச் சான்றும் நடப்பில் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
அப்படியென்றால் லாரிக் கதை போச்சு, டயர் கதையும் போச்சு. கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

மூன்றாம்கியர்:
போகட்டும், பலகை இருக்கிறதே. ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாத எல்லையை எப்படி மதிப்பது? அதை வைத்துக் கேட்கத்தான் போகிறேன். தோற்றால் கட்டுகிறேன்.

வழக்காடி:
கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கெடு தேதியைத் தாண்டிவிடாதீர்கள், தாண்டினால் தொகை ஏறும், லைசென்ஸ் வரைக்கும்கூடப் போகும். "அபராதம் பாக்கி, உடனே கட்டு" என்று குறுஞ்செய்தியில் லிங்க் வந்தால் தொடவே வேண்டாம். சீட்டில் அச்சிட்டிருக்கும் முகவரியை நீங்களே தட்டிப் போங்கள். முக்கியமாக, பலகையை ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து, நீங்கள் வந்த தடத்திலிருந்தே தெரியும்படி படம் எடுத்தீர்களா? நடைபாதையில் நின்று எடுத்தால் செல்லாது. நீங்கள் ஓட்டிக்கொண்டே எடுக்கவும் வேண்டாம், வேறொருவர் ஓட்டட்டும்.

திருகாணி:
இன்றைக்கே எடுத்துவிடுங்கள் அண்ணே. புகார் போனதும் முதலில் வந்து கிளையைத்தான் வெட்டுவார்கள்.